இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் போன் எடுப்பதில்லை

நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி. போன வருடம் ஒரு காணி வழக்கில் எங்கள் கட்சிக்காரக் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தீர்ப்புச் சொன்ன நாள், ஞாயிறு, அரச விடுமுறை எல்லாம் கணக்கில் வராது. எத்தனையோ முறை எண்ணிய கணக்குத்தான். ஆனால் கிளாக்கர் அண்ணை என் டயறியைப் பார்த்துவிட்டு, "மிஸ், போயா இந்தக் கிழமை இல்லை, அடுத்த கிழமை" என்றார். பௌர்ணமி விடுமுறையான போயாவை இந்தக் கிழமை என்று எண்ணி நான் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்த திகதி ஒரு நாள் பிந்தியது. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பத்தின் நாலு பரப்புக் காணி என் கவனக்குறைவால் போயிருக்கும்.

அந்த நாட்களில் நான் நாலு மணித்தியாலத்துக்கு மேல் தூங்கவில்லை. காலையில் மல்லாகம் நீதிமன்றம், அங்கிருந்து ஓடிவந்து யாழ்ப்பாண நீதிமன்றம், பின்னேரம் முழுக்கக் கட்சிக்காரர், மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய உறுதிப் பிரதிகள், இதற்கிடையில் வெளிநாட்டுக் கட்சிக்காரரின் அழைப்புகள்: லண்டன்காரருக்கு இரவு எட்டு மணியென்றால் எனக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை, கனடாக்காரருக்கு எட்டு மணியென்றால் எனக்கு விடிய ஐந்தரை. தங்கள் சார்பில் இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரம் எந்த மட்டில் நிற்கிறது என்று கேட்கத்தான் எடுப்பார்கள். அவர்களில் பிழை இல்லை, எந்த நேரமும் எடுத்துப் பழக்கியது நான்.

நித்திரை இல்லாமல் ஓடுவதைத் திறமை என்று நினைக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. ஜூனியராக இருக்கும்போதே அது தொற்றிவிடுகிறது. எனக்கு இப்போது அதில் துளியும் உடன்பாடில்லை. களைத்துப்போன சட்டத்தரணியின் கையில் கோப்பைக் கொடுப்பது கட்சிக்காரருக்கு ஆபத்து, அவ்வளவுதான்.

நேரம் ஒரு பக்கம். மனதில் ஏறும் பாரத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஒரு ஆட்கொணர்வு மனுவில் மகனைத் தேடும் அம்மா, பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்து, என்னிடம் தருமுன் சேலைத் தலைப்பால் ஒருதரம் துடைத்தார். அதைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே வேலிச் சண்டை வழக்குக்கு எழும்ப வேண்டியிருந்தது. எழும்பினேன். அன்று வீட்டில் என் மகள் கேட்ட ஒரு கேள்விக்கும் சரியான பதில் சொல்லவில்லை.

இப்போது அப்படியான நாட்களில் நேரே வீட்டுக்குப் போவதில்லை. பண்ணைக் கடலோரம் காற்றில் அரை மணி நேரம் நடக்கிறேன், போன் காரிலேயே கிடக்கும். தவணை எழுதும்போது கிளாக்கர் அண்ணை தனியாக ஒருதரம் எண்ணுவார், இரண்டு கணக்கும் ஒத்துவந்தால்தான் பேனையால் எழுதுவோம். செவ்வாய் பின்னேரம் யாரையும் சந்திப்பதில்லை, அது மனு எழுதும் நேரம். நடையும் தூக்கமும் போதாத அளவுக்கு மனம் கனத்தால் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம் அது. ஜூனியர் பிள்ளைகளுக்கு முக்கியமாகச் சொல்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்சிக்காரர் குறைந்துவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் எட்டு மணிக் கட்டுப்பாட்டைத் தொடங்கினேன். ஒருவர் கோபித்துக்கொண்டு கோப்பை எடுத்துப் போனதும் உண்மை. மற்றவர்கள் பழகிவிட்டார்கள். விடிய ஐந்தரைக்கு எழுப்புகிற கனடா ஐயா இப்போது எங்களுக்குச் சனி காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறார், அங்கே வெள்ளி இரவு பதினொன்றரை. "பிள்ளை, இப்ப கதைக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.