கூகுள் மேப் மூளையைச் சுருக்குகிறதா?

"மேப் பார்த்தே ஆட்டோ ஓட்டினால் மூளை சுருங்கும், மறதி நோய் வரும், லண்டனில் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு செய்தி கொழும்புத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

லண்டன் ஆய்வு சொன்னதே வேறு. 2000ஆம் ஆண்டில் மூளை ஆய்வாளர் எலினார் மக்வயரின் குழு, அந்நகரத் தெருக்களை மனப்பாடம் செய்த டாக்சி சாரதிகளுக்கு ஹிப்போகாம்பஸ் என்ற, நினைவுக்கும் வழி கண்டுபிடிக்கவும் உதவும் மூளைப் பகுதியின் பின்பக்கம் பெரிதாக இருப்பதைக் கண்டது. முன்பக்கம் சிறிதாக இருந்தது. அதை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை! மேப் பார்ப்பவர்களின் மூளையை அந்த ஆய்வு அளக்கவே இல்லை.

சரி, முழுக்கப் புரளியா? அதுவும் இல்லை. 2017இல் 24 பேரிடம் நடந்த இன்னொரு லண்டன் சோதனையில், தாமே வழி தேடியபோது முன்னால் எத்தனை தெருக்கள் பிரிகின்றன என்பதற்கேற்ப ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. கருவி சொன்ன வழியில் போனபோது அப்படி ஆகவில்லை. அந்த நேரத்துக்கு வேலை குறைவு, அவ்வளவுதான். 2020இல் வெளியான ஒரு கனடா ஆய்வு, ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் வழி நினைவு வேகமாகக் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் மூன்று வருடம் கழித்து மீண்டும் சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான். மறதி நோய் வரும் என்று அதுவும் காட்டவில்லை.

கொழும்பின் காலி வீதியில் (Galle Road) பஸ்களுக்கு நடுவே திரையைக் குனிந்து பார்ப்பதுதான் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. குரல் வழிகாட்டலைப் போட்டுவிடுங்கள்.