பாட்டும் கதை சொல்லும்

திரையிசை பற்றிய ஒரு கட்டுரையில், "படத்தில் கதைக்கு உழைப்பது பின்னணி இசைதான், பாட்டு வெறும் இடைவேளை" என்கிறார் கட்டுரையாளர். பாதி சரி. மீதிப் பாதிக்கு எங்கள் சேலத்திலேயே பதில் இருக்கிறது.

சேலத்துப் பட நிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில் வரும் 'வாராய் நீ வாராய்' பாட்டைச் சொல்கிறேன். ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. ரேடியோவில் மட்டுமே கேட்டு வளர்ந்த நான், அதை ரொம்ப நாள் சாதாரணக் காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். படம் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. தள்ளிவிட்டுக் கொல்வதற்காகத்தான் பாடுகிற கணவன் தன் மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான்! மெட்டோ அப்படிக் குழைகிறது. அவள் எதை நம்பி ஏறுகிறாளோ, அதையேதான் மெட்டும் சொல்கிறது. இந்தக் காட்சியிலிருந்து பாட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? (முடிவைச் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அதே நிறுவனத்தின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்துக்கு இந்தியிலிருந்து வந்த மெட்டும் உண்டு. கேட்க இனிமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை வேறு படத்தில் வைத்தாலும் பொருந்திவிடும். 'வாராய்' அப்படி நகராது.

ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. போன மாதம் அதைத் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது இந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "இப்ப எதுக்குங்க இந்தப் பாட்டு?" என்றாள்.