சியேனாவுக்கு இரண்டரை மணி நேரம்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், ஃப்ளாரன்ஸிலிருந்து ஒரே நாளில் போய் பக்கத்து ஊரான சியேனாவைப் 'பார்த்துவிட்டு' வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் (பெயர் வேண்டாம்) கொடுத்தது இரண்டரை மணி நேரம். அதில் கழிவறை வரிசையிலேயே இருபது நிமிடம் போயிற்று. சதுக்கத்தைப் பார்த்தபடி நாற்காலி போட்டிருந்த கடையில் உட்கார்ந்து காபி குடித்தேன். உள்ளே போய் நின்றபடி குடித்திருந்தால் பாதிக்கும் குறைவான காசு. அவசரமாகச் சில படங்கள், "அழகோ அழகு" என்று இங்கே ஒரு பதிவு. அதை இப்போது நீக்கிவிட்டேன்.

போன செப்டம்பரில் திரும்பப் போய் மூன்று இரவு தங்கினேன். அந்த உரிமையில் சொல்கிறேன், அரைநாள் மட்டும் இருக்கிறதென்றால் சியேனாவை விட்டுவிடுங்கள். வேறு ஊரா இல்லை டஸ்கனியில்?

எல்லோரும் நேராக ஊர் நடுவிலிருக்கும் காம்போ சதுக்கத்துக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் கதீட்ரலை ஒட்டி நிற்கும் ஒரு மொட்டைச் சுவரைப் பாருங்கள். ஃபச்சாட்டோனே என்கிறார்கள், பெரிய முகப்பு என்று பொருள். முகப்பு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய கோயில் இல்லை. கூரை வந்திருக்க வேண்டிய இடத்தில் வானம்.

கதை இதுதான். ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் பரம்பரைப் பகை. 1260இல் மொந்தாபெர்த்தி போரில் ஃப்ளாரன்ஸ் படையைச் சியேனாக்காரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அந்தப் பெருமையை இன்றும் கீழே வைக்கவில்லை. 1296இல் ஃப்ளாரன்ஸ் பெரியதாகக் கதீட்ரல் கட்டத் தொடங்கியதும் இவர்களுக்குப் பொறுக்கவில்லை. இருந்த கதீட்ரலையே குறுக்கு மண்டபமாக மாற்றிவிட்டு, அதன் பக்கவாட்டில் பிரம்மாண்டமாக ஒன்றை எழுப்புவது என்று 1339இல் இறங்கினார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்தது. ஊரில் பாதிப் பேராவது செத்திருப்பார்கள். அஞ்ஞோலோ டி தூரா என்ற ஊர்க்காரர், தன் ஐந்து பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

நோய் வந்தது, வேலை நின்றது என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் கட்டுமானத்திலேயே கோளாறும் இருந்தது. எழுப்பிய பகுதிகள் சிலவற்றை அவர்களே பிறகு இடிக்க வேண்டியிருந்தது. எனக்கு இந்த விவரம்தான் பிடித்திருக்கிறது. விதி பாதி, அவசரம் பாதி.

குறுகலான சுழல் படி ஏறி அந்தச் சுவரின் உச்சிக்கே போகலாம். மேலே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். ஒருபக்கம் பார்த்தால் கட்டப்படாத கோயில், மறுபக்கம் செங்கல் நிறத்தில் ஊர். சின்ன வயதில் க்ரேயான் பெட்டியில் பர்ன்ட் சியன்னா என்று ஒரு பழுப்பு இருக்குமே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான்.

1555இல் நீண்ட முற்றுகைக்குப் பிறகு சியேனா சரணடைந்தது. கொஞ்ச காலத்தில் அதே ஃப்ளாரன்ஸின் மெடிச்சி குடும்பத்தின் கைக்குப் போனது. அதற்கப்புறம் பழையதை இடித்துப் புதியதைக் கட்டப் பெரிதாகப் பணமும் இல்லை, வேகமும் இல்லை. நாம் வாய் பிளந்து பார்ப்பது அந்தத் தோல்வியைத்தான் என்பது என் எண்ணம். யுனெஸ்கோ 1995இல் இந்த ஊரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சரி, காம்போ. சிப்பி மாதிரி விரிந்து, நகர மன்றக் கட்டடத்தை நோக்கிச் சரியும் செங்கல் தரை. வெள்ளைக் கோடுகள் அதை ஒன்பது துண்டாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட 'ஒன்பதின்மர்' நினைவு அது. பெரும்பாலும் வணிகர்கள். பதவிக்காலம் இரண்டே மாதம், அதுவரை அந்தக் கட்டடத்திலேயே அடைந்து கிடக்க வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம்.

அவர்கள் கூடிய அறையின் சுவர்களில் அம்ப்ரோஜியோ லோரென்செட்டி 1338-39இல் நல்லாட்சியையும் கொடுங்கோலையும் வரைந்திருக்கிறார். நல்லாட்சிப் பக்கம் சாரத்தில் ஏறி நிற்கும் கொத்தனார்கள், வகுப்பெடுக்கும் ஆசிரியர், நகர வாசலை நோக்கி வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை ஓட்டிவரும் ஆள். அந்தப் பன்றி இனம் இன்றும் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வளர்கிறது. நான் வெகுநேரம் நின்றது வாசலுக்கு மேலே பறக்கும் பெண்ணுக்குக் கீழே. 'பாதுகாப்பு' என்பது அவள் பெயர். ஒரு கையில் எழுத்துச் சுருள். இன்னொரு கையில் ஏதோ பொம்மை என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால் சின்னத் தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். நல்லாட்சியில்தான் இது!

பலியோ என்கிற குதிரைப் பந்தயம் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஜூலை 2, ஆகஸ்ட் 16. சேணமில்லாத குதிரைகள் சதுக்கத்தை மூன்று சுற்று, சுமார் ஒன்றரை நிமிடம். நான் பார்க்கவில்லை, ஆசையும் இல்லை. அந்தச் சரிவான வளைவுகளில் குதிரைகள் செத்திருக்கின்றன. ஆனால் பந்தயத்துக்குப் பின்னால் இருக்கும் கொன்ட்ராடா, அதாவது பேட்டை விவகாரம் வேறு. ஊர் பதினேழு பேட்டைகள். ஒவ்வொன்றுக்கும் கொடி, கோயில், அருங்காட்சியகம், பிள்ளைகளுக்குப் பேட்டை ஞானஸ்நானம் கொடுக்கத் தனி நீரூற்று. எல்லைகள் 1729இல் வகுத்தவை. நத்தைப் பேட்டைக்கும் ஆமைப் பேட்டைக்கும் தீராப் பகை. குதிரைப் பந்தயத்தில்! நான் தங்கிய வீட்டு அம்மா நத்தை. அடுத்த தெருவிலிருந்த ஒரு கடையை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "சாப்பாடு நல்லாத்தான் இருக்கும். ஆனா அவங்க ஆமை" என்றார். சிரிக்கவே இல்லை.

நானோ நத்தையும் இல்லை ஆமையும் இல்லை, அங்கேயே போய்ச் சாப்பிட்டேன். கையால் உருட்டிய தடித்த பிச்சி பாஸ்தா, பூண்டும் தக்காளியும் போட்டது. சைவக்காரர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்குமேல் காம்போவுக்கு வந்தேன். ஒருநாள் கூட்டம் பேருந்தேறிப் போயிருந்தது. பகல் வெயிலில் காய்ந்த செங்கல் இன்னும் கதகதப்பாக இருந்தது, ஆட்கள் அப்படியே படுத்துக் கிடந்தார்கள். ஒரு பையன் மேல்பக்கம் நின்று பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். எந்தப் பக்கம் உதைத்தாலும் பந்து வளைந்து வளைந்து நகர மன்றத்தின் முன்னால் இருக்கும் வடிகாலுக்கே போய் நின்றது. அவன் அப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார், திரும்பிக்கூடப் பார்க்காமல் எடுத்து எறிந்துகொண்டு.