"டொக்" எங்கிருந்து வருது?

கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டா ஒரு "டொக்". ஆக்சிலேட்டரை விட்டா இன்னொரு "டொக்". ரிவர்ஸ் போட்டா அதைவிடப் பெருசா. இந்தப் பழைய பிக்கப் என்கிட்ட பேசறதே இந்த ஒரே பாஷையிலதான்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருத்தர் கியர்பாக்ஸ் மவுண்ட்டுன்னார், மாத்தினேன். "டொக்" அப்படியே இருக்கு. இன்னொருத்தர் கேட்ட மாத்திரத்துல பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கிற டிஃபரென்ஷியலையே இறக்கணும்னுட்டார். வண்டிக்கு அடியில எட்டிக்கூடப் பார்க்கல மனுஷன்!

கடைசியில நாலு சக்கரத்துக்கும் கட்டை வெச்சு, நியூட்ரல்ல போட்டு, நானே அடியில படுத்தேன். கியர்பாக்ஸ்லேர்ந்து டிஃபரென்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோற நீளத் தண்டு, அந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால இப்படியும் அப்படியும் திருகினா, பின்பக்க யூ-ஜாயின்ட்ல (ஷாஃப்ட் சாய்வாவும் சுழல விடற மூட்டு) ஷாஃப்ட் அசையுது, மூட்டுக்கு அந்தப் பக்கத்து யோக் (கவட்டை) சும்மா நிக்குது. மூட்டு நடுவுல இருக்கிற சிலுவைத் துண்டு, அந்த கிராஸோட முனையை மூடற கப் ஓரத்துல செம்மண் மாதிரி துருப்பொடி. உள்ளே கிரீஸ் காய்ஞ்சு, ஊசி பேரிங் அரைபட்டுப் போனதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மெதுவாப் போறப்ப "கீச் கீச்"னு கேட்டது எலி இல்ல, இதுதான்.

கழட்டறதுக்கு முன்னாடி ஷாஃப்ட்லயும் அது போல்ட்ல சேர்ற ஃபிளாஞ்ச்லயும் சாக்பீஸால கோடு போட்டேன், பழையபடியே மாட்டணுமே. புது யூ-ஜாயின்ட் போட்டு மாட்டியாச்சு. "டொக்" போச்சு.

இப்ப அறுபதுல போனா "உய்ங்"னு ஒண்ணு. ஷாஃப்டை நடுவுல தாங்கற சென்டர் பேரிங்காம்.