சரிபார்க்காத ஹாஷுக்கு எதற்கு 64 எழுத்து?

வேகம் கூட்டிவிட்டார்களாம். புது வெர்ஷனின் ரிலீஸ் நோட்ஸில் நடுவாக ஒரு வரி: "படிக்கும்போது ஹாஷ் சரிபார்ப்பது இனி டீஃபால்ட்டாக ஆஃப், தேவைப்படுவோர் ஆப்ஷன் கொடுத்து ஆன் செய்துகொள்ளலாம்." கன்டென்ட் அட்ரஸ்டு ஸ்டோரேஜ் (உள்ளடக்கத்தின் ஹாஷையே, அதாவது அதில் இருந்து கணக்கிட்ட கைரேகையையே, பெயராக்கி ஃபைலை வைப்பது) என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு லைப்ரரி எழுதுகிற வரியா இது? படித்ததும் ரத்தம் கொதிக்கிறது.

ஷா-256 ஓட்டி, 32 பைட் வாங்கி, அதை 64 ஹெக்ஸ் எழுத்தாக்கி, ஃபைலுக்குப் பெயராக வைப்பது எதற்கு? உள்ளே இருப்பது அதுதானா என்று எந்த நேரமும், யாரையும் நம்பாமல், பெயரை வைத்தே கேட்டுவிடலாம் என்பதற்குத்தான். வேறு எந்த ஸ்டோரேஜுக்கும் இல்லாத ஒரே ஒரு பாக்கியம் அது. அந்தக் கேள்வியைக் கேட்கவே போவதில்லை என்றால் 1, 2, 3 என்று நம்பர் போட்டு வைத்துவிட்டுப் போகலாமே. ஒரே உள்ளடக்கத்துக்கு ஒரே பெயர் என்பதால் டூப்ளிகேட் மிச்சமாகிறதே என்பீர்கள். அந்த மிச்சம்தான் இங்கே கழுத்தை அறுக்கிறது.

ஏனென்றால் அதே லைப்ரரியில் ஃபைலை ஸ்டோரில் சேர்க்கும் புட் ஃபங்ஷன் இன்னமும் கடைசிப் பெயரிலேயே நேராக எழுதுகிறது. டெம்ப் ஃபைல் கிடையாது, ரீநேம் கிடையாது. இதனால் என்ன ஆகிறது என்று நிதானமாகப் பார்ப்போம், ஒரு ரைட்கூட விடாமல்.

6 எம்பி ஃபைல் ஒன்று வருகிறது. சரியாக 62,91,456 பைட். ஹாஷ் கணக்கிட்டாயிற்று. முதல் இரண்டு எழுத்து டைரக்டரிக்கு, மீதி 62 எழுத்து ஃபைலுக்கு. அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கிறதா? இல்லை. உடனே அதே பெயரில் கிரியேட். கவனியுங்கள், இந்த நொடியிலேயே ஸ்டோரில் சரியான பெயரோடு ஒரு பூஜ்ய பைட் ஃபைல் பிறந்துவிட்டது. இன்னொரு த்ரெட் வந்து "இந்த ஹாஷ் இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்று பதில் போகும். ஒரு பைட்கூட எழுதியாகவில்லை.

எழுதத் தொடங்குகிறது. 64 கேபி, 64 கேபியாக, மொத்தம் 96 ரைட். 41ஆவது ரைட் முடிந்த கையோடு மெமரி போதாமல் கர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து ப்ராசஸை அடித்துப்போடுகிறது. கில் 9. எந்த கிளீனப் கோடும் ஓடாது, எந்த எக்ஸப்ஷன் ஹேண்ட்லரும் எழுந்திருக்காது. டிஸ்க்கில் நிற்பது 26,86,976 பைட். பெயர் மட்டும் முழு ஃபைலின் பெயர்.

ப்ராசஸ் மறுபடி எழுகிறது, விட்ட வேலையை ரீட்ரை செய்கிறது. சாதாரண ஃபைல் ஸ்டோரேஜ் என்றால் இந்த இடத்தில் எல்லாம் தானாகச் சரியாகியிருக்கும்: மேலேயே திரும்ப எழுதும், அரைகுறை அழியும். இங்கே அதே உள்ளடக்கம், அதே ஹாஷ், அதே பெயர். இருக்கிறதா என்று பார்க்கிறது. இருக்கிறது. "ஏற்கெனவே உள்ளது" என்று வெற்றியோடு திரும்புகிறது. நீளத்தைக்கூடப் பார்ப்பதில்லை, ஃபைலின் விவரம் கேட்கும் ஒரே ஒரு ஸ்டாட் கால், அதில் சைஸும் சேர்ந்தேதான் வருகிறது, அதை எடுத்து ஒப்பிட ஒரு வரி எழுதவில்லை. கூப்பிட்ட புரோகிராம் அந்த வெற்றியை நம்பி மூல ஃபைலை அழிக்கிறது. நல்ல பிரதி என்று எங்காவது இருந்தது அதுதான். அதுவும் போயிற்று.

இன்னும் முடியவில்லை. வேறொரு மெஷினில் அதே ஃபைல் முழுசாக இருக்கிறது என்று வையுங்கள். அங்கிருந்து புட் வந்தாலும் "ஏற்கெனவே உள்ளது". ஒரு ஸ்டோரை இன்னொன்றோடு சிங்க் செய்தால் இரண்டு பக்கமும் பெயர்ப் பட்டியலை மட்டும் ஒப்பிடுகிறார்கள். பெயர்கள் ஒன்றுபோல இருக்கின்றன. ஆகவே இரண்டும் சமம் என்று முடிவு. ஒரு பக்கம் முழுசு, மறுபக்கம் பாதி, ஒன்று மற்றொன்றைக் குணப்படுத்தவே முடியாது. பேக்கப்புக்கும் அந்தப் பாதிதான் பத்திரமாகப் போகிறது. வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அது இதுதான்: டூப்ளிகேட்டைத் தடுக்க வைத்த செக், கெட்டுப்போன ஃபைலுக்குக் காவல் நிற்கிறது.

கடைசியாக ஒருவர் ஃபைலை எடுக்க கெட் கூப்பிடுகிறார். லைப்ரரி ஃபைலைத் திறக்கிறது, 26,86,976 பைட்டை வாசிக்கிறது, நீட்டுகிறது. எரர் இல்லை, வார்னிங் இல்லை. இதையெல்லாம் பிடிக்க ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது, படிக்கும்போது ஹாஷ் பார்ப்பது. அதைத்தான் இப்போது ஆஃப் செய்திருக்கிறார்கள்.

எப்படி எழுத வேண்டும் என்பது ரகசியமா என்ன? ஸ்டோருக்கு உள்ளேயே ஒரு டெம்ப் டைரக்டரி. அதில் ரேண்டம் பெயரில் ஒரு ஃபைல், ஏற்கெனவே இருந்தால் திறக்காதே என்ற ஃபிளாகோடு. எழுத எழுத ஹாஷ் கூடவே ஓடட்டும். உள்ளடக்கம் முழுவதையும் மெமரியில் ஏற்ற வேண்டிய அவசியமும் அப்போது போய்விடும். ரைட் திருப்பித் தரும் எண்ணிக்கையைப் பாருங்கள், டிஸ்க் நிரம்பினால் பாதிதான் எழுதப்படும். பிறகு எஃப்சிங்க், அதாவது மெமரியில் நிற்பதை டிஸ்க்கில் எழுதிவிடு என்ற கட்டளை. பிறகு குளோஸ், அதன் எரரையும் பாருங்கள். பிறகு கடைசிப் பெயருக்கு ரீநேம். பிறகு அந்த டைரக்டரிக்கு ஓர் எஃப்சிங்க். அவ்வளவுதான். இந்த வரிசையில் எந்த இடத்தில் கரன்ட் போனாலும் கடைசிப் பெயரில் இருப்பது முழுசாக இருக்கும், அல்லது அந்தப் பெயரே இருக்காது. மிஞ்சும் குப்பை டெம்ப் டைரக்டரியில் கிடக்கும். பழசானதை அடுத்த ஸ்டார்ட்டில் துடைத்துவிடலாம்.

டெம்ப் டைரக்டரி ஸ்டோருக்கு உள்ளே இருக்க வேண்டும் என்று சொன்னது சும்மா இல்லை. சிஸ்டத்தின் பொது டெம்ப்பில் வைத்து ரீநேம் செய்யும் லைப்ரரிகள் இருக்கின்றன. அது வேறு ஃபைல் சிஸ்டமாக இருந்தால் ரீநேம் எக்ஸ்டெவ் எரரோடு திரும்பும். உடனே "சரி, காப்பி செய்துவிடுவோம்" என்று ஒரு ஃபால்பேக் எழுதி வைத்திருப்பார்கள். காப்பி எங்கே போகிறது? நேராகக் கடைசிப் பெயருக்கு. மேலே சொன்ன அத்தனையும் அச்சு அசலாகத் திரும்ப வந்துவிட்டது. அதுவும் டெவலப்பர் லேப்டாப்பில் ஒரே டிஸ்க் என்பதால் டெஸ்ட் எல்லாம் பாஸ். சர்வரில் மட்டும் உடையும்.

"எஃப்சிங்க் வேண்டாம், எக்ஸ்ட்4 பார்த்துக்கொள்ளும்" என்று, லினக்ஸின் அந்த ஃபைல் சிஸ்டத்தை நம்பி, ஒரு கூட்டம். பார்த்துக்கொள்ளாது! எக்ஸ்ட்4 ரீநேமின்போது டேட்டாவை முன்கூட்டியே டிஸ்க்குக்குத் தள்ளுவது, ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபைலை ரீநேம் மாற்றி எழுதும்போது மட்டும். இந்த வகை ஸ்டோரில் கடைசிப் பெயர் எப்போதும் புதுசு. மாற்றி எழுதவே மாட்டோம் என்பதுதானே அடிப்படை? ஆகவே அந்தப் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. கரன்ட் போய் வந்தால் பெயர் இருக்கும், நீளம் பூஜ்யம். அதை எடுத்து ஷா-256 ஓட்டிப் பாருங்கள், ஈ3பி0சி442 என்று தொடங்கும். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம்: வெற்று ஃபைலின் ஹாஷ். எஃப்சிங்க் மெதுவாக இருக்கிறதா? ஆயிரம் ஆப்ஜெக்ட்டை டெம்ப்பில் எழுதி, மொத்தமாக டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு, பிறகு ரீநேம்களைச் செய்யுங்கள். கோடின் வெர்ஷன்களைக் காத்துவைக்கும் கிட் 2022இல் 2.36 வெர்ஷனில் இப்படி ஒரு பேட்ச் முறையைக் கொண்டுவந்தது. வழி இருக்கிறது.

படிக்கும்போது சரிபார்ப்பது மெதுவாம். ஷா கணக்குக்கென்றே இன்ஸ்ட்ரக்ஷன் உள்ள ப்ராசஸரில் ஒரே கோர் நொடிக்கு ஒரு ஜிபிக்கு மேல் ஷா-256 ஓட்டும். அதுவும் போதாதென்றால் 2020இல் வந்த பிளேக்3 என்ற ஹாஷ் முறை இருக்கிறது, இன்னும் வேகம். நெட்வொர்க்கில் இருந்து வருவதைப் படிக்கும் புரோகிராமுக்கு இது ஒரு சுமையே அல்ல. உண்மையான சிக்கல் வேறு, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை: ஸ்ட்ரீமாகக் கொடுத்தால் கடைசி பைட் வரும்வரை ஹாஷ் சரியா தப்பா என்பது தெரியாது. ஆகவே ரீடர், ஃபைல் முடிந்தது என்று சொல்லும் இடத்தில் ஹாஷ் பொருந்தாவிட்டால் எரர் தர வேண்டும். வாங்குகிறவரும் அந்த முடிவு வரும்வரை எதையும் நிரந்தரமாக்கக் கூடாது. நடுவில் ஒரு துண்டு மட்டும் வேண்டும் என்றால் உள்ளடக்கத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் ஹாஷ் வைத்து மரமாகக் கட்டுங்கள். இதையெல்லாம் டாக்குமென்டேஷனில் எழுதுங்கள். ஆஃப் செய்துவிட்டு வேகம் என்று சொல்லாதீர்கள். ஹாஷ் பொருந்தவில்லையா, அந்த ஃபைலைத் தனி டைரக்டரிக்குத் தள்ளுங்கள்; அப்போதுதான் அடுத்த புட் உண்மையிலேயே எழுதும்.

கம்ப்ரஸ் செய்துவிட்டு ஹாஷ் போடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஜிஜிப் ஹெட்டரில் நேரம் எழுதப்படும். லெவல் மாறினால், லைப்ரரி வெர்ஷன் மாறினால் பைட் மாறும். ஒரே உள்ளடக்கம், பத்து ஹாஷ். மூலத்துக்கு ஹாஷ், பிறகு கம்ப்ரஸ். கிட் அப்படித்தான் செய்கிறது: வகை, நீளம், ஒரு பூஜ்ய பைட், பிறகு உள்ளடக்கம், அதற்கு ஹாஷ், அதன்பின் ஜிலிப் கம்ப்ரஷன்.

இதற்கு நேர் எதிரான அராஜகமும் உண்டு: உதவி செய்கிறேன் என்று ஸ்டோரே டெக்ஸ்ட்டைத் திருத்துவது. "கொ" என்று எழுதுகிறோம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே கோடாக வைத்தால் யுடிஎஃப்-8இல் 6 பைட். கொம்பு தனி, கால் தனி என்று வைத்தால் 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறேன் என்று லைப்ரரி உள்ளுக்குள் நார்மலைஸ் செய்தால், 9 பைட் கொடுத்தவருக்கு 6 பைட் திரும்பி வரும். அவர் கையெழுத்திட்டு வைத்திருந்தால் கையெழுத்து செல்லாது. ஒன்றாக்க வேண்டுமா, கொடுப்பவர் கொடுப்பதற்கு முன் செய்யட்டும். ஜேசன் என்ற டேட்டா வடிவமும் அப்படியே, கீ வரிசையையும் எண் வடிவத்தையும் நிலைப்படுத்த ஆர்எஃப்சி 8785 என்று ஓர் ஆவணமே 2020இல் வந்தாயிற்று. ஸ்டோரின் வேலை, வந்த பைட்டை வந்தபடி வைப்பது.

ஹாஷை 8 ஹெக்ஸ் எழுத்தாக வெட்டிக் கீயாக வைக்கும் மகானுபாவர்களே, அது 32 பிட். சுமார் 77 ஆயிரம் ஆப்ஜெக்ட் சேர்ந்தாலே எங்காவது ஒரு மோதல் இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. காட்டுவதற்கு வெட்டலாம், வைப்பதற்கு வெட்டக் கூடாது. பேஸ்64 பெயர்களையும் விடுங்கள்: பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காத ஃபைல் சிஸ்டத்தில் இரண்டு வேறு ஹாஷ் ஒரே பெயராகிவிடும், சாய்கோடு வேறு நடுவில் வரும். ஹெக்ஸ், சின்ன எழுத்தில். வெளியில் இருந்து வரும் கீயைப் பாதையாக்கும் முன் 64 எழுத்தும் ஹெக்ஸ்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் இரண்டு புள்ளி போட்டு ஸ்டோருக்கு வெளியே போய்விடுவார்கள்.

அல்காரிதம் பெயரைக் கீயோடு சேர்த்து வையுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? 2017 பிப்ரவரியில் ஷா-1 என்ற பழைய முறையில் ஒரே ஹாஷ் உள்ள இரண்டு பிடிஎஃப் வெளியாயின. அவற்றை டெஸ்ட்டுக்காக வெப்கிட் பிரவுசர் எஞ்சினின் கோட் இருந்த சப்வெர்ஷன் ரிப்பாசிட்டரியில் சேர்த்ததும் அந்த ரிப்பாசிட்டரியே சிக்கிக்கொண்டது, ஹாஷ் ஒன்றானால் ஃபைலும் ஒன்று என்று டூப்ளிகேட் நீக்கியதால். நாளை மாற வேண்டி வந்தால், எது எந்த ஹாஷ் என்று கீயே சொல்லாத ஸ்டோரை எப்படி மாற்றுவீர்கள்?

யாருக்கும் தேவைப்படாத ஆப்ஜெக்ட்டைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் இன்னொரு வயிற்றெரிச்சல். புட் வருகிறது, "ஏற்கெனவே உள்ளது" என்கிறது. ரெஃபரன்ஸ் எழுதுவதற்குள் கலெக்டர் வந்து, யாரும் சுட்டாத பழைய ஆப்ஜெக்ட் என்று அதை அழித்துவிடுகிறது. ரெஃபரன்ஸ் இருக்கிறது, பொருள் இல்லை. இருக்கிறது என்று சொல்லும்போதே அதன் மாற்ற நேரத்தைப் புதுப்பிக்க வேண்டும். கலெக்டர் புதுசைத் தொடாமல் விட வேண்டும். கிட் இரண்டையும் செய்கிறது. டீஃபால்ட்டாக இரண்டு வாரம் ஆகாததை அழிப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவில் லாகைத் திறந்தால் "ஆப்ஜெக்ட் செல்லாது". எந்த ஆப்ஜெக்ட்? முதல் ஏழு எழுத்தும் மூன்று புள்ளியும். கேட்ட ஹாஷ், கிடைத்த ஹாஷ், இருந்த நீளம், ஃபைலின் முழுப் பாதை, இந்த நாலையும் முழுசாக அச்சிடுங்கள்.

இந்த பக்கைச் சொல்லி லைப்ரரிக்கு இஷ்யூ போட்டால் அதைப் படிப்பது ஒரு பாட். யாரும் பேசவில்லை என்றால் பழசு என்று லேபிள் ஒட்டி மூடிவிடுகிறது. கோர் டம்ப், ஸ்ட்ரேஸ் அவுட்புட், திரும்ப வரவழைக்கும் ஸ்கிரிப்ட் எல்லாம் இணைத்த இஷ்யூ! திறந்து வைக்க வேண்டுமானால் மாதாமாதம் வந்து "இன்னும் இருக்கிறது" என்று கமென்ட் போட வேண்டுமாம். பக் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது யார்? அந்த பாட்டை எடுத்துவிட்டு ஸ்கிரிப்ட்டை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 41ஆவது ரைட்டில் கில் 9 கொடுக்கிறது, திரும்ப புட் செய்கிறது, கெட் செய்து நீளத்தைப் பார்க்கிறது. ஓடி முடிய ஒரு நிமிஷம்கூட ஆகாது.