நாலு பேரும் ஒரே வீட்டுக்குப் போகட்டும்

சேலத்தில் எம்பிபிஎஸ், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி என எல்லாப் படிப்புக்கும் கல்லூரி இருக்கிறது. ஆனால் இந்த நாலு பிள்ளைகளும் ஒரே நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து பேசாமலேயே பட்டம் வாங்கி விடுகிறார்கள். வார்டிலாவது கேஸ் ஷீட் இருக்கிறது, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கலாம். வீட்டில் அதுவும் இல்லை.

அம்மாப்பேட்டையில் என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது எங்களுக்கு அதுதான் நடந்தது. பிரஷருக்காக டாக்டர், சிறுநீரை அதிகம் போக வைக்கும் நீர் மாத்திரை சேர்த்தார், சீட்டில் இரவு என்று இருந்தது. நர்ஸம்மா முதுகைப் பார்த்து, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னார். பிசியோ தம்பி எழுப்பி நிறுத்தினால் தலை சுற்றுகிறது என்பார் மாமா. ராத்திரி சிறுநீருக்கு அவரே எழ முயன்று, தறிக்குழி ஓரம் விழுந்தார். மூன்று பேரும் நல்லவர்கள், அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் மாத்திரை, தலைசுற்றல், ராத்திரி எழுவது மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும் வேலை என் மாமியார் தலையில் விழுந்தது. அவருக்கு மாத்திரையின் நிறம்தான் தெரியும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், நோய்த் தணிப்பு நர்ஸ் எல்லாரும் வீடு தேடி வருகிறார்கள். வேலை கூட்டு வேலையாகிவிட்டது, படிப்பு மட்டும் இன்னும் தனித்தனி. வெவ்வேறு மருத்துவப் படிப்பு மாணவர்கள் ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே சொல்லிவிட்டது. எம்பிபிஎஸ் மாணவர்கள் இப்போது குடும்பங்களைத் தத்தெடுத்துப் போய்ப் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அதே வீட்டுக்கு மற்ற மூவரையும் கூட்டிப் போனால் என்ன?

போனால் மட்டும் போதாது. கிளம்பும் முன் திண்ணையிலேயே பத்து நிமிஷம் நாலு பேரும் பேசி, வீட்டாருக்குப் புரிகிற தமிழில் ஒரே தாளில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். மார்க்கும் குழுவுக்கே போடட்டும். தனி மார்க் போட்டால் ஆளாளுக்குத் தன் பங்கை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வழிகாட்ட அந்தத் தெருவின் தன்னார்வலர் அக்காவே போதும், எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம் டாக்டர் பிள்ளைதான் தலைவர் என்று முதல் நாளே முடிவு செய்துவிடாதீர்கள்.

டைம்டேபிள் ஒத்துவராது என்பார்கள். இந்த நாலு படிப்புக்குமே மாநிலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்தானே வருகின்றன? மாதம் ஒரு மதியம் ஒதுக்க முடியாதா?

முதல் குழுவைச் சேர்வராயன் மலைக்கு அனுப்புங்கள் என்பேன். எஸ்டேட் கூலியை விட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் டாக்டருக்கும் மறுநாள் பிசியோவுக்கும் என அந்த மக்களால் வர முடியாது. அங்கே நாலு பேரும் சேர்ந்து போனால்தான் போன மாதிரி.