விளம்பரம்தான் காரணமா?
சுவீடனின் 'தி நைஃப்' இசைக்குழுவுக்கு வாழ்வு கொடுத்ததே 2005-இல் வந்த சோனி தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரம்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சரிவான தெருவில் வண்ணப் பந்துகள் துள்ளி இறங்கும் அந்தக் காட்சியில் ஒலிப்பது பாடகர் ஹோசே கொன்சாலஸின் கிதாரும் குரலுமே. பாடல் 'தி நைஃப்' குழுவினரான கரின், ஓலோஃப் டிரையர் என்ற உடன்பிறப்புகளுடையது என்றாலும், அவர்களுடைய மின்னிசை அதில் துளியும் இல்லை. 1999-லேயே தொடங்கி, 'ராபிட் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தின் வழியே பாடல்களை வெளியிட்டு வந்தவர்கள் அவர்கள். 2006-இல் வந்த 'சைலன்ட் ஷவுட்' தொகுப்பை முதன்முதலாக ஹெட்போனில் கேட்ட இரவில், சுருதி இறக்கப்பட்ட அந்தக் குரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று பிடிபடாமல், ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். விளம்பரத்தின் இனிமையைத் தொடராமல் இருண்ட ஒலிக்குத் திரும்பிய அந்தத் துணிவுக்குத்தான் 2007-இல் சுவீடனின் கிராமிஸ் விருதுகள் ஆறு கிடைத்தன.